அடுக்குமாடிக்கு வயதாவது எப்படி?

சென்னையில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கமாக வந்தால் ஆதம்பாக்கம். ஒரு காலத்தில் ஏரியும் வயலும் தனி வீடுகளுமாக இருந்த பகுதி இது. 1980-களிலும் 90-களிலும் இங்கே மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன. இன்று இத்தெருக்களில் நடப்பவர் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து, பழுப்பேறிய கம்பிகள் வெளியே தெரியும் கட்டடம். மற்றொன்று, சுற்றிலும் தகரம் அடைத்து இடிக்கப்படும் கட்டடம். அதற்கு முப்பது, முப்பத்தைந்து வயதுதான் இருக்கும்.

இதே சென்னையில், அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 1975-இல் ஏற்பட்ட பெரும் தீ விபத்தையும் அது தாங்கிக்கொண்டது. அதுவும் சிமென்ட், கம்பி, ஜல்லி, மணல் ஆகியவற்றால் ஆனதுதான். அப்படியிருக்க, ஒன்று அறுபது ஆண்டு தாண்டி நிற்பதும் மற்றொன்று முப்பதில் தளர்வதும் ஏன்?

மனை விலை உயர்ந்ததால், நல்ல நிலையில் உள்ள கட்டடங்களையும் இடித்துவிட்டு இன்னும் உயரமாகக் கட்டுகிறார்கள் என்பது உண்மையே. அதைப் பொருளாதார ஆசிரியரிடம் விட்டுவிடுவோம். உண்மையிலேயே நலிந்துபோன கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்பதை உங்கள் பள்ளி இயற்பியலையும் வேதியியலையும் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

கம்பியும் கான்கிரீட்டும்

ஒரு சுண்ணக்கட்டியை மேசைமேல் நிறுத்தி விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் உடையாது. அதையே இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். கான்கிரீட்டின் குணமும் இதுதான். அமுக்குவிசையை அது நன்றாகத் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இரும்பு இழுவிசையை நன்கு தாங்கும். ஆகவே எங்கே இழுவிசை வருகிறதோ அங்கே கம்பியை வைக்கிறோம். பிரெஞ்சுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, பூந்தொட்டிகள் உடையாதிருக்க இரும்புக் கம்பி வலையைச் சிமென்ட் கலவைக்குள் வைத்து, 1867-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய அடுக்குமாடிகளுக்கு அந்தப் பூந்தொட்டி ஒரு மூதாதை எனலாம்.

இந்தக் கூட்டணி நிலைப்பதற்கு இயற்கை செய்த உதவி ஒன்று உண்டு. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. கான்கிரீட் சுமார் 10 பங்கு நீள்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பத்து மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி சூடேறினால் இரும்பு 2.4 மி.மீ., கான்கிரீட் 2 மி.மீ. நீளும். இவ்விரு எண்களும் வெகுவாக வேறுபட்டிருந்தால், சென்னையின் ஒவ்வொரு கோடையிலும் கம்பி வேறு, கான்கிரீட் வேறு என்று பிரிந்திருக்கும்.

கம்பியை எங்கே வைப்பது என்பதையும் கவனியுங்கள். இரு சுவர்களின்மேல் தாங்கி நிற்கும் கூரைத்தளம் நடுவில் கீழ்நோக்கித் தொய்ய முயல்கிறது. அங்கே இழுவிசை அடிப்பக்கத்தில் ஏற்படுகிறது. எனவே முதன்மைக் கம்பிகள் அடியில் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் பால்கனியும் இதற்கு நேர்மாறு. அவற்றில் இழுவிசை மேற்பக்கத்தில். கம்பியும் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். மழைநீர் தேங்குவதும் அதே மேற்பக்கத்தில்தான். பழைய கட்டடங்களில் சன்ஷேடும் பால்கனியும் முதலில் பழுதாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கம்பியைக் காக்கும் காரம்

இரும்பு காற்றிலும் ஈரத்திலும் துருப்பிடிக்கும் என்பது தெரிந்ததே. தண்ணீர் ஊற்றிக் குழைத்த கலவைக்குள் புதைத்த கம்பி மட்டும் பல ஆண்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பது எப்படி?

சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உண்டாகிறது. இது காரம். நல்ல கான்கிரீட்டின் பி.எச். மதிப்பு 12.5-க்கும் மேல் இருக்கும். இவ்வளவு காரமான சூழலில் இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படிந்து, கம்பியைக் கவசம்போல் மூடிக்கொள்கிறது. காரம் உள்ளவரை கவசமும் உண்டு.

இந்தக் காரத்தைத் தின்பது காற்றிலுள்ள கரியமில வாயு. சுண்ணாம்பு நீரில் குழாய் வழியாக ஊதினால் அது பால்போல் வெளுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மூச்சிலுள்ள கரியமில வாயு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றியதால் ஏற்பட்ட வெண்மை அது. இதே வினை ஒவ்வொரு கட்டடத்திலும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு உள்ளே செல்லச் செல்ல, காரம் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி அழிந்துகொண்டே வருகிறது. பி.எச். மதிப்பு 9-க்கும் கீழே இறங்குகிறது. அந்த எல்லை கம்பியைத் தொடும் நாளில் கவசம் கரைகிறது.

ஒரு வர்க்கமூலக் கணக்கு

அந்த எல்லை எவ்வளவு வேகமாக உள்ளே நகரும்? முதலில் வேகமாகவும், போகப் போக மெதுவாகவும் நகரும். வாயு கடக்க வேண்டிய வழி நீண்டுகொண்டே போவதுதான் காரணம். தோராயமான விதி இது:

ஆழம் = மாறிலி × √ஆண்டுகள்

மாறிலி கான்கிரீட்டின் தரத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டுக்காக அதை 4 என்று கொள்வோம். ஓர் ஆண்டில் ஆழம் 4 மி.மீ.; நான்கு ஆண்டில் 8 மி.மீ.; ஒன்பது ஆண்டில் 12 மி.மீ.; இருபத்தைந்து ஆண்டில் 20 மி.மீ.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையிலுள்ள கனத்தைக் கட்டடத் தொழிலில் 'கவர்' என்பார்கள். கவர் 20 மி.மீ. இருந்தால் கவசம் 25 ஆண்டு நிற்கும். கொத்தனார் அவசரத்தில் கவர் பிளாக் வைக்க மறந்து, கவர் 10 மி.மீ. ஆகிவிட்டால் எவ்வளவு நிற்கும்? பாதி, அதாவது பன்னிரண்டரை ஆண்டு என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்தை நான்கால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 6.25 ஆண்டுதான்! கவர் பாதியானால் ஆயுள் கால்பங்காகிறது. 30 மி.மீ. இருந்தாலோ 56 ஆண்டு. கை கட்டை விரலின் அகலம்கூட இல்லாத ஒரு கனம், முழுக் கட்டடத்தின் ஆயுளை நிர்ணயிக்கிறது.

நமது நாட்டின் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில் கூரைத்தளங்களுக்குக் குறைந்தது 15 மி.மீ. கவர் போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு சூழலின் கடுமைக்கேற்ப இதை மாற்றி, சாதாரணச் சூழலுக்கு 20 மி.மீ. என்றும், கடற்கரைச் சூழலுக்கு 45 மி.மீ. என்றும் உயர்த்தியது. ஆதம்பாக்கத்தின் பழைய குடியிருப்புகளில் பெரும்பாலானவை முந்தைய விதியின் காலத்தில் கட்டப்பட்டவை. அவை இன்று கவனிப்பை வேண்டி நிற்பதில் வியப்பில்லை.

துரு வீங்கும்

கவசம் போனால் மட்டும் போதாது. துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். இது மிக முக்கியமான செய்தி. காரம் முழுவதும் போய்விட்ட கான்கிரீட்டும், உலர்ந்தே இருந்தால் அதிலுள்ள கம்பி வெகு மெதுவாகவே துருப்பிடிக்கும். நீர் கசிந்தால்தான் ஆபத்து.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுகிறது. கம்பியைச் சுற்றி இடமில்லாததால் துரு கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. கான்கிரீட் இழுவிசைக்கு அஞ்சும் என்று கண்டோமல்லவா? கம்பி ஓடும் திசையிலேயே அது விரிசல் விடுகிறது. விரிசல் வழியே இன்னும் அதிக நீர் உள்ளே நுழைகிறது. துரு இன்னும் பெருகுகிறது. முதல் பதினைந்து இருபது ஆண்டுகள் வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு சில ஆண்டுகளில் பழுது விரைவதற்கு இதுவே காரணம்.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டால் பழுது மறையும், துரு மறையாது. முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். பிறகு பழுதான கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, காப்புப்பூச்சு கொடுத்த பின்னரே புதிய கலவையால் நிரப்ப வேண்டும்.

உப்பு என்னும் குறுக்குவழி

காரம் குறையும்வரை காத்திராமல் கவசத்தை நேராகத் துளைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது குளோரைடு, அதாவது உப்பு. கடற்காற்று அதைக் கொண்டுவரும். கலவைக்கு ஊற்றிய ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால், முதல் நாளே அது கட்டடத்துக்குள் குடியேறிவிடும். ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது.

இதை மீறினால் என்னவாகும் என்பதை தில்லிக்கு அருகிலுள்ள குருகிராம் காட்டியது. அங்கே 'சின்டெல்ஸ் பாரடைசோ' குடியிருப்பில், 2022 பிப்ரவரி 10 அன்று ஒரு கோபுரத்தின் ஆறாம் மாடி வீட்டுத்தளம் இடிந்து, கீழிருந்த வீடுகளின் தளங்களையும் அடுக்கடுக்காக இழுத்துக்கொண்டு விழுந்தது. இருவர் உயிரிழந்தனர். ஆராய்ந்த தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள், கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருந்ததையும் கம்பிகள் பெரிதும் துருப்பிடித்திருந்ததையும் கண்டார்கள். கடல் அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவு! உப்பு, கட்டும்போதே கலவையில் சேர்ந்திருந்தது. வங்கக்கடலிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆதம்பாக்கத்தில் எவ்வளவு கவனம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உயரம் கூடினால்

மூன்று மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் விரிசல் கண்டால், கொத்தனார் சாரம் கட்டி ஏறிப் பூசிவிடுவார். பதினைந்து மாடியில் அது நடவாது. மேலிருந்து தொங்கும் மேடை வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். செலவுக்கு அஞ்சி வேலை தள்ளிப்போகிறது. அங்கிருந்து ஒரு பூச்சுத்துண்டு விழுவதாகக் கொள்வோம். உயரம் 45 மீட்டர். காற்றின் தடையைக் கருதாவிட்டால், மூன்று விநாடிகளில் அது தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 30 மீட்டர். அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் விரையும் காரின் வேகம் இது. உயரக் கட்டடத்தில் சிறு பழுதும் சிறு பழுதல்ல.

யாருடைய கூரை?

நீர் நுழையும் இடங்களைக் கணக்கெடுத்தால் ஓர் உண்மை விளங்கும். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் குழாய், வெளிச்சுவர், மாடிப்படி ஆகியவை எவருடைய தனிச்சொத்தும் அல்ல. மேல்வீட்டுக் குளியலறையின் தரையே கீழ்வீட்டுக்குக் கூரை. கசிவின் காரணம் மேலே, ஈரம் கீழே. மேல்வீட்டார் தம் வீட்டில் ஒரு குறையும் காண்பதில்லை. கீழ்வீட்டாரால் தாமாக ஒன்றும் செய்ய இயலுவதில்லை. மொட்டை மாடித் தட்டோடு பெயர்ந்தால் மூன்றாம் மாடிக்காரர் கவலைப்படுகிறார். தரைத்தளக்காரர் தமக்கென்ன என்கிறார். ஆனால் தூண்கள் எல்லாருக்கும் பொது.

இந்தத் தயக்கத்தின் விலை பெரிது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சர்ஃப்சைடு என்னும் கடற்கரை ஊரில், 1981-இல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பு ஒன்றைப் பொறியாளர் ஒருவர் 2018-இல் ஆய்வு செய்தார். நீச்சல்குளத் தளத்தில் நீர் வடியாமல் தேங்குவதையும், கீழே கான்கிரீட் சிதைவதையும் எழுதிக் கொடுத்தார். பழுதுபார்க்கும் செலவு 1.5 கோடி டாலராக வளர்ந்தது. உரிமையாளர்களிடையே விவாதமும் வளர்ந்தது. 2021 ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் மாண்டனர். தளத்தின் வடிவமைப்பிலேயே வலுக்குறைவு இருந்ததைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. அந்தக் குறையுள்ள தளத்தில்தான் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கியிருந்தது.

டி சிட்டர் என்ற பொறியாளர் 1984-இல் 'ஐந்தின் விதி' ஒன்றைக் கூறினார். கட்டும்போது ஒரு ரூபாயில் முடியும் வேலை, பின்னர் பராமரிப்பில் ஐந்து ரூபாய் கேட்கும். அதையும் தவறவிட்டால் பழுதுபார்க்க 25. அதையும் தள்ளிப்போட்டால் 125. இது துல்லியமான அளவு அல்ல. ஆனால் செலவு பெருகும் போக்கை நன்கு காட்டுகிறது.

சட்டமும் இப்போது இதைக் கருத்தில் கொண்டுள்ளது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பகுதிகளைப் பேணும் பொறுப்பை உரிமையாளர் சங்கத்திடம் அது அளிக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

பழுதுபார்ப்பது பொறியாளரின் வேலை. கவனிப்பது யாரும் செய்யக்கூடியது.

விரிசலைக் கண்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் அது வளர்கிறது என்று பொருள். பூச்சில் மட்டும் உள்ள மயிரிழை விரிசல் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். கம்பியின் திசையில் நேர்கோடாக ஓடுவது, பழுப்புக் கறை படிந்திருப்பது, தூணிலும் உத்திரத்திலும் தோன்றுவது ஆகியவற்றை உடனே பெரியவர்களிடம் கூறுங்கள்.

கூரையின் அடிப்பக்கத்தைப் பெரியவர் ஒருவர் கழியால் மெல்லத் தட்டும்போது, சற்றுத் தள்ளி நின்று காதால் கேளுங்கள். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும். விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும். கொத்தனார்கள் கைக்கொள்ளும் முறை இது.

பழுதுபார்க்க உடைத்த கான்கிரீட் துண்டு கிடைத்தால், வேதியியல் ஆசிரியரின் துணையுடன் அதன் புதிய உடைப்பரப்பில் ஃபினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த ஓரம் நிறம் மாறாது. அந்த ஓரத்தின் அகலத்தை அளந்து, கட்டடத்தின் வயதின் வர்க்கமூலத்தால் வகுத்தால், உங்கள் கட்டடத்தின் மாறிலி உங்கள் கையில்! பொறியாளர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள்.

கவனித்தலின் பயனுக்கு வடசென்னையே சான்று. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி, 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து தரைமட்டமாயிற்று. விரிசல்களைக் கண்ட குடியிருப்போர் அதற்குமுன் வெளியேறியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை. வீடுகள் போயின, மக்கள் பிழைத்தார்கள்.

ஒன்றுகூடிச் செலவிடுவது நம்மவர்களால் முடியாதது என்றும் எண்ண வேண்டாம். ஆதம்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைவதற்கு முன் ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியபோது, மக்கள் வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் வைப்புத்தொகையாக முன்கூட்டியே செலுத்தினார்கள். தெருவுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடப்போகும் குழாய்க்காகப் பணம் கொடுத்தார்கள். நாடெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட திட்டம் அது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குகிறது. புரட்டாசி முடிவதற்குள் உங்கள் மொட்டை மாடிக்கு ஒரு பெரியவருடன் சென்று பாருங்கள். நீர் வெளியேறும் துளையை இலைச்சருகு அடைத்திருக்கிறதா? தட்டோடுகளுக்கிடையே சாந்து போய்விட்டதா? சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? கன்று இரண்டு அங்குலம் இருக்கும்போது விரலால் பிடுங்கிவிடலாம். இரண்டு ஆண்டு விட்டுவைத்தால் சுவரைக் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.